நியூஸ் பாத்து பாத்து மனசு வெந்துபோச்சு, நீங்க எல்லாம் எதை புடிச்சுகிட்டு இருக்கீங்க?

ஜன்னல்சீட் எழுதியது:

கொஞ்ச நாளாவே இதை கேக்கணும்னு இருந்தேன். காலைல கண்ணு முழிச்சதும் போன், பஸ்ல போன், ஆபீஸ்ல சாப்பிட உக்காந்தா யாராவது ஒரு வீடியோவ நீட்டி இதை பாத்தியாங்கறாங்க, ராத்திரி வீட்டுக்கு வந்தா ஹால்ல அப்பா விவாத நிகழ்ச்சிய ஃபுல் சவுண்ட்ல வெச்சிருக்காரு, நாலு பேரு ஒரே நேரத்துல கத்தறாங்க, ஒருத்தர் சொல்றதும் காதுல நிக்கல. சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்ல சாதிய பத்தி மதத்தை பத்தி என்னென்னமோ வருது, சின்ன வயசுல என்னை இடுப்புல வெச்சு சோறு ஊட்டின பெரியம்மா பேர்ல இருந்து அது வர்றப்ப தாங்க முடியல. பதில் போட்டா சண்டை, போடலைன்னா தூக்கம் போச்சு.

இதுக்கு நடுவுல நான் போய் உக்கார்ற ஒரு இடம் எக்மோர் மியூசியம், வெண்கலச் சிலைங்க இருக்கிற பகுதி. திருவாலங்காட்டு நடராஜர் அங்க தான் இருக்காரு, இங்க இருக்கிற நடராஜர் சிலையோட போட்டோவ மட்டும் பாத்துட்டு பிரான்ஸ்ல ரோதான்ங்கற சிற்பி கட்டுரையே எழுதியிருக்காரு. ஆனா என்னை புடிச்சு நிறுத்தறது வேற. அங்க இருக்கிற சிலைங்கள்ல நிறைய மண்ணுக்குள்ளேர்ந்து கிடைச்சது. படை வருது, கொள்ளை போகுதுன்னு பயந்த காலத்துல கோயில்ல இருந்தவங்க குழி தோண்டி பத்திரமா படுக்க வெச்சு மூடியிருக்காங்க, பல நூறு வருஷம் கழிச்சு யாரோ நிலத்த தோண்டறப்ப கிடைச்சு, 1878 புதையல் சட்டப்படி அரசாங்கத்துக்கு போய், அங்கேர்ந்து மியூசியத்துக்கு வந்திருக்கு. புதைச்சவங்க ஒருத்தரும் திரும்பி வந்து எடுக்கல. செத்தாங்களா, ஊரை விட்டு ஓடினாங்களா, யாருக்கும் தெரியாது. அவ்வளவு கலவரத்துலயும் அந்த அம்மன் விரல் உடைஞ்சுடக்கூடாதுன்னு நினைக்க அவங்களுக்கு தோணியிருக்கே, அதை நினைச்சா எனக்கு நெஞ்சுல கொஞ்சம் தெம்பு வருது.

இப்ப கேள்வி. வெளியில இவ்வளவு நடக்கறப்ப நீ போய் சிலை பாத்துட்டு இருக்கியே, இது தப்பிச்சு ஓடறது இல்லையான்னு என் ஃப்ரெண்டு கேட்டா. எனக்கு அப்படி தோணல, ஆனா ஏன் தோணலன்னு சொல்லவும் வரல. நீங்க என்ன பண்றீங்க, பாட்டு, புத்தகம், படம், எதுவா இருந்தாலும் சொல்லுங்க.

அடையாறுகாத்து எழுதியது:

எனக்கு நாதஸ்வரம். சபாவுல உக்காந்து கேக்கறதும் பிடிக்கும், ஆனா இந்த மாதிரி நாள்ல மனசு தேடறது மயிலாப்பூர் மாட வீதிய. பங்குனி உற்சவத்துல சாமி வெளில கிளம்பறப்ப மல்லாரி வாசிப்பாங்க, கம்பீரநாட்டை ராகம், அதுல பாட்டு வரியே கிடையாது, வெறும் நாதமும் தவில் கணக்கும். அப்புறம் வீதி முனைல சாமிய நிறுத்தி நிதானமா ஒரு ராகம் எடுப்பாங்க பாருங்க, தோடியோ காம்போதியோ, அவசரமே இல்லாம மேல போய் கீழ வந்து. டிக்கெட் கிடையாது, ரிசர்வ் சீட் கிடையாது. பூக்காரம்மா, ஆட்டோ ஓட்டறவர், வேலை முடிச்சு பேகோட வந்த பசங்க, எல்லாம் ஒரே தரைல நிக்கறோம். பக்கத்துல நிக்கிறவர் யாருக்கு ஓட்டு போட்டாருன்னு எனக்கு தெரியாது, அவர் குரூப்ல என்ன ஃபார்வர்ட் பண்றாருன்னும் தெரியாது, ஒரு நல்ல பிடி விழுந்தா ரெண்டு பேர் வாய்லேர்ந்தும் ஒரே நேரத்துல ஆஹா வருது. அந்த ஒரு விநாடிக்காக நான் ராத்திரி பூரா நிப்பேன்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், இந்த இசை ஏதோ அரசியலே படாத சுத்தமான இடம்னு நான் நினைக்கல. ராஜரத்தினம் பிள்ளைக்கு முன்னாடி நாதஸ்வரக்காரங்க நின்னுகிட்டே தான் வாசிக்கணும், மேடைல உக்காந்து வாசிக்கிற மரியாதைய அவர் கேட்டு வாங்கினார். மியூசிக் அகாடமியே 1927-ல மெட்ராஸ்ல நடந்த காங்கிரஸ் மாநாட்டோட சேர்ந்து நடந்த இசை மாநாட்டுல பொறந்தது. மேடைல தமிழ்ல பாடணும்னு கேக்கறதுக்கே ஒரு இயக்கம் தேவைப்பட்டது, 1943-ல தமிழ் இசைச் சங்கம் வந்தது அதனால தான். இதெல்லாம் தெரிஞ்சு தான் கேக்கறேன், கேட்டா ஆறுதலாவும் இருக்கு.

மின்சாரரயில் எழுதியது:

எல்லாரும் நல்லா எழுதறீங்க, ஆனா என்னால முழுசா ஒத்துக்க முடியல. 2025 ஆகஸ்ட்ல மாநகராட்சி ஆபீஸ் ரிப்பன் பில்டிங் வாசல்ல தூய்மைப் பணியாளர்கள் நாள் கணக்கா உக்காந்திருந்தாங்க, பாதி பேருக்கு மேல பொம்பளைங்க, வேலைய தனியார் கிட்ட குடுக்காதீங்கன்னு கேட்டாங்க, கடைசில ஒரு நடுராத்திரில போலீஸ் வந்து தூக்கிட்டு போனாங்க. ஜன்னல்சீட் சொல்ற மியூசியத்துக்கும் அந்த இடத்துக்கும் எவ்வளவு தூரம்? சென்ட்ரல் பக்கம் ஒருத்தர் அழறப்ப எக்மோர்ல ஒருத்தர் சிலை பாத்து தெம்பு தேடறாங்கன்னா எனக்கு அது உறுத்துது. உங்கள திட்டல, உங்கள மாதிரி நானும் தூக்கம் இல்லாம தான் இருக்கேன். ஆனா எனக்கு வேணும்கிறது ஆறுதல் இல்ல, இந்த கோவம் ஆறிப்போகாம இருக்கணும். ஆறிப்போச்சுன்னா நாளைக்கு யார் போய் நிப்பா?

இன்னொண்ணு, புத்தகம், கச்சேரி, மியூசியம்னு போக நேரமும் பஸ் காசும் லீவும் வேணும். ரெண்டு ஷிப்ட் பாக்கறவங்களுக்கு எந்த ராகத்த சொல்லுவீங்க?

ராயபுரம்பையன் எழுதியது:

மின்சாரரயில் தோழர், கடைசியா கேட்டீங்களே, அதுக்கு நான் சொல்றேன். எங்க பக்கம் வாங்க. ஒரு வூட்ல சாவு விழுந்துச்சுன்னா ராத்திரி பூரா கானா. பொணம் உள்ள இருக்கும், வாசல்ல பந்தல், பிளாஸ்டிக் சேரு, ஒருத்தர் பாட பத்து பேரு தாளம் போட செத்தவர் எப்படி வாழ்ந்தாரு, எங்க வேலை பாத்தாரு, யாரை நம்பி ஏமாந்தாருன்னு எல்லாம் அந்த பாட்டுல வந்துரும். ஹார்பர்ல மூட்ட தூக்கினவருக்கும் மீன் வித்த ஆயாவுக்கும் அதான் மரியாதை. காசு இல்ல, லீவு இல்ல, ரெண்டு ஷிப்ட் பாக்கறவங்க தான் அதை கண்டுபுடிச்சதே. அதனால பாட்டு ஆறுதல்லாம் வசதியானவங்களுக்குன்னு சொல்லாதீங்க, எங்க ஆளுங்கள கணக்குலேர்ந்து எடுத்துட்ட மாதிரி இருக்கு.

அப்புறம் கோவம் ஆறிப்போயிரும்னு சொன்னீங்க. 2018 ஜனவரில கீழ்ப்பாக்கத்துல தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கற இசைக்குழு மொத தடவ மேடை ஏறினாங்க, கானாவும் பறையும் ராப்பும் கிட்டாரும் ஒண்ணா. சாவு வூட்டுக்கு மட்டும்னு ஒதுக்கி வெச்ச பாட்ட, தீட்டுன்னு தள்ளி வெச்ச கருவிய, அவ்ளோ பெரிய கூட்டத்துக்கு நடுவுல வெச்சு இட ஒதுக்கீட்ட பத்தியும் சாதிய பத்தியும் பாடினாங்க. அந்த பாட்ட கேட்டு எனக்கு கோவம் ஆறல, கோவத்துக்கு ஒரு தாளம் கெடச்சுது. அழுகையும் வந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு, ரெண்டும் ஒரே நேரத்துல. 2017-ல ஜல்லிக்கட்டுக்காக மெரினால நின்னவங்களுக்கும் தெரியும், ராத்திரி நேரத்துல மணல்ல செல்போன் லைட்ட தூக்கி புடிச்சுகிட்டு பறை அடிச்சு பாடுனதால தான் அத்தன ராத்திரி ஒக்கார முடிஞ்சுது.

பழையபுத்தகக்காரன் எழுதியது:

எனக்கு எழுபது தாண்டிடுச்சு, கொஞ்சம் நீளமா எழுதினா பொறுத்துக்குங்க.

1975 ஜூன் 25 நெருக்கடி நிலை அறிவிச்சப்ப நான் காலேஜ். தமிழ்நாட்டுல அப்ப திமுக ஆட்சி இருந்ததால ஏழு மாசம் போல இங்க கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சது. 1976 ஜனவரி 31 ஆட்சிய கலைச்சாங்க, அதுக்கப்புறம் மிசா கைது, விசாரணையே இல்லாம உள்ள வெக்கிற சட்டம், எங்க தெருவுக்கே வந்தது. பத்திரிகைக்கு தணிக்கை. டீக்கடைல பேச பயம், ஏன்னா பக்கத்து பெஞ்சுல இருக்கிறவன் யாருன்னு தெரியாது.

அப்ப எங்களுக்கு மூர் மார்க்கெட் இருந்தது. 1985 மே மாசம் எரிஞ்சு போச்சே, அதே மூர் மார்க்கெட். பழைய புத்தகக் கடைங்கள்ல சோவியத் பதிப்பு ருஷ்ய நாவல் எல்லாம் தமிழ்ல கிடைக்கும், நல்ல கெட்டி அட்டை, வழுவழு தாள், விலை எங்க பாக்கெட்டுக்கு தாங்கற மாதிரி. நாங்க நாலஞ்சு பேர் ஒரு மொட்டை மாடில கூடி ஒருத்தர் சத்தமா படிக்க மத்தவங்க கேப்போம். படிச்சு முடிச்சதும் பேச்சு. ஜார் காலத்து அதிகாரி ஒருத்தன பத்தி மணிக்கணக்கா வாதாடுவோம், அவன் ஏன் அந்த உத்தரவுல கையெழுத்து போட்டான், அவன் பொண்டாட்டிக்கு தெரியுமா, அவனுக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்குமா. எல்லாருக்கும் தெரியும் நாங்க எந்த அதிகாரிங்கள பத்தி பேசறோம்னு. ஊரே வாய மூடிகிட்டு இருந்தப்ப நாங்க அரசியல் பேசின ஒரே இடம் அந்த நாவலுங்க தான். அதுல ஆறுதலும் இருந்தது, எங்க மூளை துருப்பிடிக்காம இருக்கவும் அது தான் காரணம். ரெண்டையும் பிரிச்சு பாக்க எனக்கு இப்பவும் தெரியல.

நமக்கு முன்னாடி இருந்தவங்களையும் பாருங்க. வ.உ.சி. 1908-லேர்ந்து 1912 வரைக்கும் கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைல. செக்கு இழுத்ததை எல்லாரும் சொல்றோம், அதே சிறைக்குள்ள இருந்துகிட்டு அவர் ஜேம்ஸ் ஆலன்ங்கற இங்கிலீஷ் எழுத்தாளரோட புத்தகத்த தமிழ் பண்ணினார்ங்கறத யாரும் சொல்றதில்ல. பாரதி 1908-ல புதுச்சேரிக்கு போனார், பின்னாடியே வேவு பாக்க ஆளுங்க, 1910-ல அவரோட பத்திரிகை நின்னுபோச்சு, கைல காசு இல்ல. குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் எழுதினது அந்த ஊர்ல, அந்த வருஷங்கள்ல. பாஞ்சாலி சபதமும் அங்க தான். குயில பத்தி எழுதின அதே ஆள் தான் சபையில ஒரு பொண்ண அவமானப்படுத்தறப்ப வாய மூடி இருந்த பெரிய மனுஷங்கள கேள்வி கேட்டு எழுதினார். குயில் பாட்டு எழுதினதால அவர் கோவம் கொறஞ்சதுன்னு யாராவது சொல்ல முடியுமா?

நல்லூர்முற்றம் எழுதியது:

வாசிச்சுக்கொண்டு மட்டும் இருக்கிறனான், இண்டைக்கு எழுதத் தோன்றுது. நான் யாழ்ப்பாணத்தில பிறந்தனான், இப்ப கன காலமா வளசரவாக்கத்தில இருக்கிறன். 1981 மே கடைசி இரவு தொடங்கி எங்கட பொது நூலகத்தை எரிச்சவை. 97,000 நூல் எண்டு சொல்லுவினம், அதில வேற எங்கயும் இல்லாத ஓலைச்சுவடியளும் இருந்தது. எங்கட அப்பா அந்த நூலகத்தில தான் பின்னேரம் பின்னேரம் போய் இருப்பார்.

புத்தகம் எண்டால் சண்டை இல்லாத ஒரு மூலை, அங்க போய் ஒளிச்சிருக்கிறம் எண்ட மாதிரி மின்சாரரயில் தம்பியோ தங்கச்சியோ எழுதினதைப் பாத்தன். நெருப்பு வைக்க வந்தவைக்கு புத்தகம் என்ன எண்டு வடிவாத் தெரிஞ்சிருக்கு. அதுக்குப் பிறகு அப்பா தான் பாடமாக்கி வச்சிருந்த பாட்டுகளை இரவில எங்களுக்குச் சொல்லித் தருவார், கரண்ட் இல்லை, வெளியில என்ன சத்தம் கேட்டாலும் பாதியில நிப்பாட்ட மாட்டார், வரியை முடிச்சுப் போட்டுத்தான் எழும்புவார். கம்பர், சித்தர் பாட்டு, தேவாரம் எல்லாம். எனக்கு அது அப்ப விளங்கேல்லை. ஏன் இந்த மனுசன் இந்த நேரத்தில பாட்டுச் சொல்லுறார் எண்டு கோவம் கூட வந்தது. இப்ப நான் பேத்தியோட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போறன், பிள்ளையளின்ர பகுதியில அவள் படப் புத்தகத்தை விரிச்சு வச்சுக்கொண்டு சத்தமா வாசிக்கேக்க அப்பாவின்ர குரல் எனக்குக் கேக்கும்.

மார்கழிப்பனி எழுதியது:

நல்லூர்முற்றம் ஐயா, ரெண்டு தடவ படிச்சேன். வேற என்ன சொல்றதுன்னு தெரியல.

கோட்டூர்புரம் நூலகத்த நீங்க சொன்னதால சொல்றேன், அங்க தான் நான் டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கிறேன், சொந்த புத்தகம் எடுத்துட்டு போய் படிக்கிற ஹால்ல. 2010-ல திறந்து அடுத்த வருஷமே அதை குழந்தைங்க ஆஸ்பத்திரி ஆக்கப்போறோம்னு அரசு அறிவிச்சது, எதிர்த்து கேஸ் போட்டு கோர்ட் தடை குடுத்து தான் அது இன்னைக்கு நூலகமா இருக்கு. நாங்க ஏசில உக்காந்து படிக்கிற அந்த நாற்காலிக்காக யாரோ கோர்ட்டுக்கு போய் நின்னிருக்காங்க, வாசகர்களும் எழுத்தாளர்களும் பேசியிருக்காங்க. மின்சாரரயில் சொல்ற போராட்டமும் இதுவும் தனித்தனி இல்லன்னு தோணுது.

ஆனா என் பிரச்சனை வேற. என்னால படிக்கவே முடியல. பரீட்சைக்கு படிக்கறத சொல்லல, மனசுக்காக ஒரு கதை எடுத்தா ரெண்டு பக்கத்துல கை போனுக்கு போகுது. எதாவது நடந்திருக்குமோ, யாரையாவது புடிச்சிருப்பாங்களோ, எங்கயாவது கலவரமோன்னு. எல்லாரும் புத்தகம் ஆறுதல்ங்கறீங்க, அந்த ஆறுதல் வரைக்கும் போய் சேரவே முடியாதவங்க என்ன பண்றது?

பழையபுத்தகக்காரன் எழுதியது:

தம்பி, தனியா படிக்காதீங்க. இது என் அனுபவம், வேற ஒண்ணும் இல்ல. ரூம்மேட் இருந்தா அவருக்கு சத்தமா ஒரு சிறுகதை படிச்சு காட்டுங்க, ஊர்ல இருக்கிற அம்மாவுக்கு போன் பண்ணி ஒரு பக்கம் படிங்க. வாய் படிக்கறப்ப கை போனுக்கு போகாது, கேக்கறவங்க மூஞ்சிய பாத்துகிட்டு நிறுத்தவும் மனசு வராது. நாவல்ல ஆரம்பிக்காதீங்க. நாலஞ்சு பக்கத்துல முடியற கதை, இல்லேன்னா பழைய பாட்டு ஒண்ணு.

அடையாறுகாத்து எழுதியது:

மார்கழிப்பனிக்கு இன்னொரு விஷயம். ஆறுதல் எல்லாருக்கும் எப்பவும் கிடைச்சுடறது இல்ல, எழுதறவங்களுக்கே அப்படி. பெருமாள்முருகன் 2015 ஜனவரில, தன்னோட நாவலுக்கு வந்த எதிர்ப்புல, ஊர் குடுத்த நெருக்கடில எழுத்தாளன் செத்துட்டான்னு அறிவிச்சுட்டு பேனாவ கீழ வெச்சார். கொஞ்ச காலம் எதுவுமே வரலன்னு அவரே பின்னாடி சொல்லியிருக்காரு. அப்புறம் மெல்ல கவிதையா வந்தது, யாருக்கும் காட்டாம எழுதி வெச்சது. 2016 ஜூலைல சென்னை ஹைகோர்ட் அவர் பக்கம் தீர்ப்பு குடுத்து திரும்ப எழுதச் சொன்னதும் ஆகஸ்ட்ல அந்த கவிதைங்க தொகுப்பா வந்தது, எரநூறு கவிதை இருக்கும். அதனால ரெண்டு பக்கத்துக்கு மேல போகலன்னு உங்க மேலயே கோவப்படாதீங்க.

மின்சாரரயில் எழுதியது:

ராயபுரம்பையன், நீங்க சொன்னது சரி. கானாவ நான் யோசிக்கவே இல்ல, எங்க தாத்தா வீட்டு சாவுல நானே கேட்டிருக்கேன். நல்லூர்முற்றம் ஐயாவுக்கு என் வணக்கம்.

ஆனாலும் ஒரு இடத்துல நான் நிக்கறேன். நீங்க சொன்ன எல்லாமே கூட்டமா பண்ணினது. சாவு வீடு, மாட வீதி, மொட்டை மாடி, மெரினா, அப்பா பிள்ளைங்களுக்கு பாட்டு சொல்லிக்குடுத்தது. அதுல எனக்கு சண்டையே இல்ல. காதுல இயர்போன மாட்டிகிட்டு ரூம் கதவ சாத்திக்கறது தான் எனக்கு பயமா இருக்கு. ஏன்னா நானும் அப்படி ஆயிடுவேனோன்னு இருக்கு. ஜன்னல்சீட், நீங்க தனியா தானே மியூசியம் போறீங்க?

ஜன்னல்சீட் எழுதியது:

ஆமா, தனியா தான் போறேன். நீங்க கேட்டதுக்கப்புறம் பஸ்ல வர்றப்ப பூரா இதையே யோசிச்சேன், இப்ப எனக்கு சொல்ல வருது.

கூட்டமா கேக்கறதோட அருமைய நான் மறுக்கல. ஆனா எனக்கு இப்ப வீட்டுலயும் ஆபீஸ்லயும் போன்லயும் கூட்டம் தான் இருக்கு, ஒவ்வொருத்தரும் என்கிட்ட இப்பவே ஒரு பதில் கேக்கறாங்க, நீ இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு. நான் என்ன நினைக்கறேன்னு எனக்கே தெரியறதுக்கு முன்னாடி வாய் பேசிடுது. அந்த சிலை என்கிட்ட எதுவும் கேக்கல. அது முன்னாடி நின்னு வந்த ஒரு நாள்ல தான் பெரியம்மாவுக்கு போன் பண்ணினேன், குரூப்ல சண்டை போடாம நேரா பேசினேன், அந்த ஃபார்வர்ட்ல சொல்லியிருந்த ஊர்க்காரங்க என்கூட வேலை பாக்கறாங்க பெரியம்மா, நம்ம வீட்டு கல்யாணத்துக்கு வந்து பந்தி பரிமாறினாங்க, ஞாபகம் இருக்கான்னு கேட்டேன். பெரியம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. மனசு மாறிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா அப்புறம் அவங்ககிட்ட இருந்து அந்த மாதிரி எதுவும் வரல. கோவத்தோட இருந்திருந்தா நான் அந்த போன் பண்ணியிருக்க மாட்டேன், குரூப்ல நாலு வரி நறுக்குனு போட்டுட்டு ராத்திரி அழுதிருப்பேன்.

இன்னொண்ணும் சொல்லணும். பாரியோட பொண்ணுங்க பாடினதா ஒரு புறநானூற்று பாட்டு இருக்கு. மூணு அரசர்கள் சேர்ந்து வந்து அப்பாவ கொன்னாச்சு, பறம்பு மலையும் போச்சு. மொத்தம் அஞ்சே வரி. போன மாசம் இதே நிலா வெளிச்சத்துல எங்க அப்பா இருந்தாரு, எங்க குன்றும் எங்ககிட்ட இருந்தது, இந்த மாச நிலாவுல ஜெயிச்ச ராஜாக்கள் குன்றை எடுத்துகிட்டாங்க, அப்பாவும் இல்ல. அவ்வளவு தான். அந்த மூணு பேரை ஒரு வார்த்தை திட்டல, சாபம் விடல. ஆனா ரெண்டாயிரம் வருஷம் போல ஆகியும் படிக்கறவங்க யாரும் அந்த மூணு அரசர்கள் பக்கம் நிக்கறதில்ல, எல்லாரும் அந்த ரெண்டு பொண்ணுங்க பக்கம். மின்சாரரயில், உங்க கோவம் ஆறக்கூடாதுன்னு நீங்க சொல்றது எனக்கு புரியுது, நானும் அதையே தான் கேக்கறேன். கத்தினா சீக்கிரம் தொண்டை கட்டிடுது, இந்த மாதிரி அஞ்சு வரி கூட இருந்தா ரொம்ப காலம் தாங்கும்னு எனக்கு நம்பிக்கை.

ராயபுரம்பையன் எழுதியது:

அக்கா, அந்த பாட்டு அப்படியே மரண கானா தான். போன மாசம் இருந்தாரு, இந்த மாசம் இல்ல, எங்க எடத்தையும் புடுங்கிட்டாங்க. குடிசைய இடிச்சு ஊருக்கு வெளில கண்ணகி நகருக்கு தூக்கி போட்ட எங்க ஜனங்களும் இத தான் பாடுது.

மின்சாரரயில் எழுதியது:

நான் இன்னும் பாதி தான் ஒத்துக்கறேன். தனியா நிக்கறதுக்கு ஒரு அளவு இருக்கணும்னு தான் இப்பவும் சொல்லுவேன், அந்த அளவு எதுன்னு ஒவ்வொருத்தரும் தன்னையே நேர்மையா கேட்டுக்கணும். ஆனா பெரியம்மாவுக்கு பண்ணின போன் பெரிய விஷயம், என்னால எங்க சித்தப்பாவோட அப்படி பேச முடியல. அந்த புறநானூற்று பாட்டு எத்தனாவது? ஸ்கூல்ல படிச்ச ஞாபகம் இருக்கு, பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினதோட சரி.

பழையபுத்தகக்காரன் எழுதியது:

112. உ.வே.சா. 1894-ல ஏடு தேடி அச்சுல கொண்டுவந்தாரே, அவரால தான் நமக்கு கிடைச்சது. 1942-ல ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு மெட்ராஸே காலி ஆனப்ப அந்த மனுஷர் திருவல்லிக்கேணி வீட்ட விட்டு திருக்கழுக்குன்றம் போனார், அந்த ஏப்ரல்லயே அங்க இறந்தும் போனார். கன்னிமாரா நூலகத்துல உரையோட கேளுங்க, நீங்க சொல்ற ரிப்பன் பில்டிங்லேர்ந்தும் பக்கம், மியூசியம் வளாகத்துக்குள்ளயே இருக்கு. 112 படிச்சுட்டு அதுக்கு முன்னாடி இருக்கிற 105-லேர்ந்தும் படிங்க, கபிலர் பாரிய பத்தி பாடினது. மலை போறதுக்கு முன்னாடி அது எப்படி இருந்துச்சுன்னு அங்க தான் தெரியும்.